சிக்கன் சீசர் சாலட் சொதப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு என் தங்கை போன் செய்தால், விஷயம் என்னவென்று எடுக்கும்போதே தெரிந்துவிடும். "அண்ணா, எண்ணெய் தனியா மிதக்குது." நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வியும் மாறாது. "எந்த ஜார்ல போட்டே?"

சென்னையில், ஏ.சி. இல்லாத அடுக்களையில், இந்த சாலட்டைப் பல வருடங்களாகச் செய்து, கெடுத்து, திருத்தி, மற்றவர்களுக்கும் போனிலேயே திருத்திக் கொடுத்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை. முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் தட்டில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பர்ஸில் கை வைக்கிற காரணம் கடைசியில்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த சாலட்டில் நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் ஒரே ஆள்தான் குற்றவாளி: இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிற தண்ணீர். இலையில், சிக்கன் தோலில், பிரெட்டில், சுடச்சுட எழும் ஆவியில். எந்தத் தலைப்பைத் திறந்தாலும் முதலில் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள்.

மஞ்சள்கருவையும் எண்ணெயையும் கெட்டியாக அடித்துச் செய்யும் டிரெஸ்ஸிங் என்ற சாஸை இலையில் கலந்து, மேலே சிக்கனும் வறுத்த பிரெட்டும் வைப்பதுதான் இந்த சாலட். கீழே சொல்வதெல்லாம் இரண்டு பேருக்கான அளவை வைத்து: ரோமெய்ன் லெட்டூஸ் (நீள இலை சாலட் கீரை) பெரியதாக ஒன்று, மஞ்சள்கரு 1, கடுகு பேஸ்ட் 1 டீஸ்பூன், பூண்டு ஒரே ஒரு பல், டப்பா ஆஞ்சோவி (உப்பில் ஊறிய சின்ன மீன்) 3 துண்டு, எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய் 75 மில்லி, ஆலிவ் எண்ணெய் 25 மில்லி, துருவிய பார்மெசான் சீஸ் 30 கிராம், எலும்பில்லாத நெஞ்சுக்கறி 250 கிராம், பிரெட் 3 துண்டு, அப்போது இடித்த மிளகு. பச்சை முட்டை என்றால் பயமா? பயம் நியாயமானதுதான். கடைசித் தலைப்பைப் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள்.

அறிகுறி: எண்ணெய் தனியாக மிதக்கிறது, டிரெஸ்ஸிங் சேரவில்லை

*ஆரம்பத்திலிருந்தே கெட்டியாகவில்லை என்றால்*

முதலில் ஜாரைப் பாருங்கள். ஒற்றை மஞ்சள்கருவைப் பெரிய ஜாரில் போட்டால் அது பிளேடுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே பிளேடு காற்றைத்தான் அடிக்கும். சட்னி ஜாரில் போடுங்கள். அதிலும் பிளேடு மூழ்கவில்லை என்றால் மிக்ஸியை மறந்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் முட்டை அடிக்கும் கம்பியால் கையாலேயே அடியுங்கள். இந்த அளவுக்கு ஐந்து நிமிட வேலை, கொஞ்சம் தோள் வலிக்கும், அவ்வளவுதான்.

அடுத்து, எண்ணெயை எவ்வளவு வேகமாக ஊற்றினீர்கள் என்று மனசாட்சியோடு யோசியுங்கள். முதல் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும். சொட்டு என்றால் சொட்டுதான். டீஸ்பூனில் எடுத்து நுனியிலிருந்து விட வேண்டும். கலவை வெளுத்து, கம்பியின் தடம் ஒரு கணம் நின்று மறையும் அளவுக்கு வந்த பிறகு நூல் மாதிரி ஊற்றலாம். தங்கையின் கேஸ்களில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் மாட்டும். "சொட்டாத்தான் ஊத்துனேன்" என்பாள். பின்னால் மருமகன் குரல் கேட்கும்: "இல்ல மாமா, கடகடன்னு ஊத்துனாங்க."

மூன்றாவது, முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் வந்ததா? கையில் பிடித்தால் ஜில்லென்று இருக்கிறதா? உடைக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டுவிட்டு எடுங்கள்.

*நன்றாகக் கெட்டியாகி, பிறகு திடீரென்று திரிந்தால்*

இரண்டு வாய்ப்பு. எண்ணெய் அளவு மீறியிருக்கலாம். ஒரு மஞ்சள்கருவுக்கு 150 மில்லி வரை போகலாம், அதற்கு மேல் போனால் விஷப்பரீட்சை. அல்லது மிக்ஸி சூடாகியிருக்கலாம். ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். வெயில் காலத்தில் இரண்டு நிமிடம் தொடர்ந்து ஓடினாலே ஜார் சுடும். ஜாரோடு ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். அடிக்கும்போதும் பத்து விநாடி ஓட்டி நிறுத்தி, பத்து விநாடி ஓட்டி நிறுத்தித்தான் போக வேண்டும்.

*திரிந்ததை மீட்பது*

கீழே கொட்டாதீர்கள். எத்தனை தடவை கெட்டாலும் இதை மீட்கலாம், இந்த சாலட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். சுத்தமான, ஈரமில்லாத கிண்ணத்தில் ஒரு டீஸ்பூன் கடுகு பேஸ்ட்டும் ஒரு டீஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு அடியுங்கள். (தண்ணீர் நமக்கு உதவும் அபூர்வமான இடம் இது.) திரிந்து போனதை எண்ணெய் என்று நினைத்துக்கொண்டு, அரை டீஸ்பூன் அரை டீஸ்பூனாக அதில் விட்டு அடித்துக்கொண்டே இருங்கள். மூன்றாவது ஸ்பூனில் நிறம் மாறுவது தெரியும்: பளபளவென்று எண்ணெய்ப் பசையாக இருந்தது மங்கி, பால் கலந்தாற்போல் வெளுக்கும். அந்த வெளுப்பைக் கண்ட பிறகு ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று கூட்டலாம். ஐந்தாறு ஸ்பூன் போன பிறகும் வெளுக்கவில்லை என்றால், இன்னொரு கிண்ணம், இன்னொரு மஞ்சள்கரு, மறுபடி அதே வேலை. இது தோற்று நான் பார்த்ததில்லை.

*மறுநாள் ஃப்ரிட்ஜில் பிரிந்திருந்தால்*

ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்திருந்தீர்களா? அங்கே உறைநிலை வரை குளிர்ந்து பிரிந்திருக்கும். கதவுப் பக்கமோ நடுத்தட்டோதான் இதற்கு இடம். ஆனால் நடுத்தட்டில் வைத்தும் பிரிகிறது, பக்கத்தில் கொத்தமல்லியும் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டில் கோளாறு. அதற்கு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். திருகை நீங்களே கழற்ற வேண்டாம்.

*அடிக்கடி செய்பவர் என்றால்*

இதெல்லாம் பார்த்தும் அலுத்துவிட்டது என்றால் ஹேண்ட் பிளெண்டர் வாங்கலாம். பிளேடு அடிவரை போகிற மாதிரி குறுகலான, உயரமான டம்ளர், அடியில் மஞ்சள்கருவும் சாறும் கடுகும், மேலே சூரியகாந்தி எண்ணெய் மொத்தமும். பிளெண்டரை மஞ்சள்கரு மேல் அழுத்தி வைத்து, பத்து விநாடி அசைக்காமல் ஓட்டி, பிறகு மெல்ல மேலே தூக்க வேண்டும். சொட்டு வேலை மிச்சம்.

அறிகுறி: டிரெஸ்ஸிங் நன்றாக வந்தது, ஆனால் இலையில் ஒட்டாமல் வழிகிறது

டிரெஸ்ஸிங்கைத் திட்டாதீர்கள். ஒரு இலையை எடுத்து டிஷ்யூ பேப்பரில் அழுத்துங்கள். பேப்பர் நனைந்தால் ஈரம்தான் காரணம். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஒட்டாத மாதிரிதான் ஈர இலையில் டிரெஸ்ஸிங்கும்.

இலை உலர்ந்துதான் இருக்கிறது, இருந்தும் வழிகிறது என்றால் டிரெஸ்ஸிங் தண்ணியாக இருக்கிறது. ஸ்பூனின் பின்புறத்தை முக்கி, நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு அப்படியே நின்றால் சரி. மூடிக்கொண்டால் இன்னும் பத்து கிராம் சீஸைத் துருவிப் போட்டு, ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் வையுங்கள். எதிர்மாறாக, இட்லி மாவு மாதிரி கெட்டியாகிவிட்டால் தண்ணீரை டீஸ்பூன் கணக்கில் சேர்த்து இளக்கலாம்.

அறிகுறி: கசக்கிறது

ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான் இங்கே பரிசோதனை.

எலுமிச்சை விதை அரைபட்டிருக்கிறதா? வடிகட்டாமல் மிக்ஸியில் பிழிந்தவர்கள் இதில் மாட்டுவார்கள்.

பூண்டுப் பல்லை நீளவாக்கில் பிளந்தால் நடுவில் பச்சை முளை இருந்ததா? அதை நீக்கிவிட வேண்டும்.

இரண்டும் இல்லை என்றால் ஆலிவ் எண்ணெய். எக்ஸ்ட்ரா விர்ஜின் வகையை மிக்ஸியில் வேகமாக அடித்தால் கசப்பு மேலே வந்துவிடும். எண்ணெய் மட்டமானது என்று அர்த்தமில்லை; நல்ல எண்ணெயில்தான் இது இன்னும் தெரியும். அதனால்தான் முக்கால் பங்கு சூரியகாந்தி எண்ணெய் சொன்னேன். அதை மிக்ஸியில் அடித்து முடித்து, டிரெஸ்ஸிங்கைக் கிண்ணத்துக்கு மாற்றிய பிறகு, ஆலிவ் எண்ணெயைக் கையால் கலக்குங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம். இரண்டும் எனக்கு உயிர்தான், ஆனால் இங்கே போட்டால் சாலட்டில் இட்லிப் பொடி வாசனைதான் மிஞ்சும்.

எண்ணெய் பாட்டிலை முகர்ந்தால் தீபாவளி முடிந்து ஒரு மாதம் மூடியே கிடந்த முறுக்கு டப்பா வாடை அடிக்கிறதா? அது சிக்குப் பிடித்த எண்ணெய். பாட்டிலோடு தூக்கிப் போடுங்கள்.

கசந்துவிட்ட டிரெஸ்ஸிங்கை முழுசாகத் திருத்த முடியாது. சூரியகாந்தி எண்ணெயில் மட்டும் இன்னொரு பங்கு செய்து இரண்டையும் கலந்தால் பாதி அடங்கும். அரை டீஸ்பூன் தேன் கொஞ்சம் மறைக்கும்.

அறிகுறி: சீசர் மாதிரி இல்லை, மயோனைஸ் மாதிரி இருக்கிறது

சப்பென்று, எதுவோ குறைகிறது, ஆனால் எது என்று சொல்லத் தெரியவில்லை. இந்த வரிசையில் சரிபாருங்கள், ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு இலையைத் தொட்டுத் தின்று பாருங்கள். வெறும் ஸ்பூனில் ருசி பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். இலையின் தண்ணீர்ச் சுவையோடு சேர்ந்தால்தான் உண்மை தெரியும்.

முதலில் புளிப்பு. எலுமிச்சை அரை டீஸ்பூன். சமையல் நிகழ்ச்சிகளில் வருவது மஞ்சள் நிறப் பெரிய எலுமிச்சை. நம் சின்ன எலுமிச்சை அதைவிடப் புளிப்பு அதிகம், அதனால் அவர்கள் சொல்லும் அளவைவிடக் கொஞ்சம் குறைத்துத் தொடங்கி ஏற்றிக்கொண்டு போவதுதான் புத்தி. இதில் ஒரு ஆறுதல் உண்டு. இந்த சாலட் பிறந்த இடம் மெக்சிகோவின் திஹுவானா. அங்கே உணவகம் நடத்திய சீசர் கார்டினி என்ற இத்தாலியர் 1924-ல் செய்தது என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் கதை. ரோமாபுரி சீசருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அந்த ஊர்க்காரர்கள் பிழிவது நம்முடையதைப் போன்ற சின்னப் பச்சை எலுமிச்சையைத்தான். ஆக இந்த விஷயத்தில் நாம் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.

அடுத்து மிளகு. டப்பாவில் இருக்கும் பழைய மிளகுத்தூள் கணக்கில் சேராது.

பிறகு சீஸ். பாக்கெட்டில் தூளாக வருவது என்றால் முகர்ந்து பாருங்கள், வாசமே இருக்காது. பொடி ஒட்டாமல் இருக்க அதில் செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொடியைக் கலப்பார்கள், அதனால் டிரெஸ்ஸிங் மணல் மணலாகவும் ஆகும். கட்டியாக வாங்கித் துருவுங்கள். இத்தாலியிலிருந்து வரும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ குறைந்தது 12 மாதம் பழுத்தது, விலை கண்ணைக் கட்டும். நம்மூரில் செய்யும் பார்மெசான் கட்டியே வாரநாள் சாப்பாட்டுக்குத் தாராளம்.

கடைசியாக, பெரும்பாலும் உண்மையான காரணம்: ஆஞ்சோவி. டப்பா கிடைக்காமல் விட்டுவிட்டீர்களா? ஒரு டீஸ்பூன் வூஸ்டர்ஷயர் சாஸ் போடுங்கள். ஆஞ்சோவி போட்டு ஊறவைத்த சாஸ்தான் அது. நம் புளியும் அதில் இருக்கிறது. கார்டினியின் மூல சாலட்டில் ஆஞ்சோவி தனியாகக் கிடையாது, மீன் ருசி இந்த சாஸ் வழியாக வந்ததுதான் என்றும் சொல்வார்கள். அதுவும் இல்லை என்றால் மீன் சாஸ் அரை டீஸ்பூன்.

"ஆஞ்சோவின்னா நெத்திலிதானே, கருவாடு போட்டா என்ன?" என்று கேட்காதவர்கள் இல்லை. நெத்திலிக் குடும்பம்தான், சரி. நானும் போட்டுப் பார்த்தேன். வறுத்துப் பொடித்து ஒரு தடவை, வெந்நீரில் ஊறவைத்து ஒரு தடவை. டப்பா ஆஞ்சோவி மாதக்கணக்கில் உப்பில் கிடந்து சதை இளகியது. ஸ்பூனால் நசுக்கினால் வெண்ணெய் மாதிரி கரையும். கருவாடு வெயிலில் காய்ந்தது. கரையாது, துகள் துகளாக நிற்கும். வாசனை மட்டும் மூன்று நாள் வீட்டை விட்டுப் போகவில்லை. கருவாட்டைக் குழம்புக்கு விட்டுவிடுவோம்.

அறிகுறி: கவிச்சி அடிக்கிறது

மீன் கவிச்சியா, முட்டைக் கவிச்சியா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

மீன் என்றால் ஆஞ்சோவி துண்டாக எங்கோ நிற்கிறது. பூண்டோடும் ஒரு சிட்டிகை உப்போடும் சேர்த்து, இஞ்சி இடிக்கும் சின்ன உரலில் துண்டே தெரியாத விழுதாகும் வரை இடிக்க வேண்டும். வாயில் தனியாக மீன் என்று தெரிந்தால் இடித்தது போதவில்லை. டப்பா திறந்து நாளாகியிருந்தால், மேலே எண்ணெய் மூடாமல் காற்றுப்பட்ட துண்டுகள் பழுத்து நாறும், அவற்றை ஒதுக்குங்கள்.

முட்டை என்றால், வெள்ளைக்கரு கலந்துவிட்டதா என்று பாருங்கள். எலுமிச்சையும் மிளகும் கொஞ்சம் தூக்கினால் அடங்கும். உடைத்த உடனே நாற்றம் வந்திருந்தால் பேசுவதற்கு ஒன்றுமில்லை, குப்பைக்குத்தான்.

பூண்டு நெடி என்பது வேறு புகார். பல்லை இடித்தவுடன் எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் காரம் தணியும். முந்தின நாளே செய்து வைத்த டிரெஸ்ஸிங்கில் பூண்டு ஏறிக்கொண்டே போகும். அப்படிச் செய்வதாக இருந்தால் அரைப் பல் போதும்.

அறிகுறி: உப்புக் கரிக்கிறது

ஆஞ்சோவி உப்பு, சீஸ் உப்பு, கடுகு பேஸ்ட்டும் உப்பு. இத்தனைக்கும் மேல் பழக்கதோஷத்தில் தூள் உப்பையும் போட்டிருப்பீர்கள். டிரெஸ்ஸிங்கில் உப்பு என்ற பேச்சே கடைசியில்தான், அதுவும் இலையோடு தின்று பார்த்த பிறகு. கரித்துவிட்டால் எண்ணெயும் எலுமிச்சையும் கொஞ்சம் கூட்டுங்கள், சிக்கனுக்கும் பிரெட்டுக்கும் உப்பே போடாதீர்கள். மூன்றும் தட்டில் சேரும்போது கணக்கு நேராகிவிடும்.

அறிகுறி: இலை துவண்டு கிடக்கிறது, தட்டின் அடியில் தண்ணீர்

*கலந்த பிறகு துவண்டால்:* எப்போது கலந்தீர்கள்? விருந்தாளி கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்ட பிறகு கலக்குவது இது. உப்பும் புளிப்பும் பட்டுப் பத்து நிமிடத்தில் இலை தண்ணீர் விடும். அடுத்த சந்தேகம், சிக்கனைச் சுடச்சுட மேலே வைத்தீர்களா? இலை அங்கேயே வெந்துவிடும். வெட்டிய பிறகு கைபொறுக்கும் சூடாகும்வரை காத்திருங்கள்.

*கலக்கும் முன்பே துவண்டிருந்தால்:* ஐஸ் போட்ட தண்ணீரில் இலையை இருபது நிமிடம் அமிழ்த்துங்கள். காலையில் வாங்கி மாலை வரை பையிலேயே வாடிய கீரைகூட இதில் எழுந்து நிற்கும். குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். இந்த இலை அடுப்பைப் பார்க்கப் போவதில்லை. அரை மணியிலும் எழவில்லை, ஓரம் பழுப்பு, தொட்டால் வழவழ என்றால் அது தேறாது.

*ஈரம் எடுப்பது:* உதறினால் போகாது. நான் பழைய வேட்டித் துணியை விரித்து, இலைகளைப் பரப்பி, நாலு முனையையும் முறுக்கி மூட்டையாகப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவேன். கை நீட்டி இருபது சுற்று, கவண் சுழற்றுவது மாதிரி. முதல் மூன்று சுற்றில் சுற்றிலும் தரையில் பொட்டுப் பொட்டாக ஈரம் விழும், பத்தாவது சுற்றில் நின்றுவிடும். எதிர் மாடியில் துணி காயப்போடும் பாட்டி முதலில் பயந்தார், இப்போது "என்ன தம்பி, இன்னைக்கு இலையா?" என்று கேட்கிறார். வெட்கப்படுபவர்கள் சாலட் ஸ்பின்னர் வாங்கிக்கொள்ளலாம். சுற்றிய பிறகு காய்ந்த துணியில் சுற்றி அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்தால் முறுமுறுவென்று நிற்கும்.

*ரோமெய்னே கிடைக்கவில்லை என்றால்:* ஐஸ்பெர்க் சமாளிக்கும், தண்ணீர் மட்டும் கூடுதலாக விடும். முட்டைக்கோஸ் போட்டால் அது வேறு பதார்த்தம். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சிக்கன் சரியில்லை

*தேங்காய் நார் மாதிரி வறண்டிருந்தால்*

நெஞ்சுக்கறியில் கொழுப்பு ரொம்பக் குறைவு. குழம்புக் கறி மாதிரி கூட ஐந்து நிமிடம் கொதித்தால் ஒன்றும் ஆகாது என்ற பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் கெட்டோம். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் போதும், இறக்கிவிட வேண்டும். எண்பதைத் தாண்டினால் சாறு தோசைக்கல்லில் இருக்கும், கறியில் இருக்காது.

தெர்மாமீட்டர் இல்லையா? தடித்த இடத்தில் கத்தியை நுழைத்துப் பாருங்கள். உள்ளே ரோஸ் நிறம் இல்லாமல், கண்ணாடி மாதிரித் தெரியும் சதையும் இல்லாமல், சாறு தெளிவாக வந்தால் ஆகிவிட்டது. ஆனால் சொல்கிறேன், இந்த சாலட்டுக்காக நீங்கள் வாங்கக்கூடிய ஒரே கருவி என்றால் சமையல் தெர்மாமீட்டரை வாங்குங்கள். ஸ்பின்னருக்கு வேட்டி இருக்கிறது, இதற்கு மாற்று இல்லை.

வெட்டிய விதமும் வறட்சி மாதிரித் தெரியலாம். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். இறக்கியவுடன் வெட்டினால் பலகையில் குளம் கட்டும். ஐந்து நிமிடம் பொறுங்கள்.

*வெளியே கருகி உள்ளே வேகவில்லை என்றால்*

நெஞ்சுக்கறி ஒரு முனையில் கட்டை விரல் தடிமன், மறுமுனையில் அதைப் போல இரண்டு மடங்கு. பாலித்தீன் பைக்குள் வைத்து, சப்பாத்திக் கட்டையால் தடித்த பக்கத்தைத் தட்டி, எல்லா இடமும் ஒன்றரை சென்டிமீட்டர் வரும்படி பரப்புங்கள். கட்டையால் குத்தாதீர்கள், அகலமாகத் தட்ட வேண்டும். பிறகு இரும்பு தோசைக்கல்லில் மிதமான தீயில் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம். கருகிவிட்டது, உள்ளே பச்சை என்றால் தீயைக் குறைத்து, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி வைத்து முடியுங்கள். மொறுமொறுப்பு போகும், ஆனால் சாப்பிடலாம்.

*நிறமே வரவில்லை, வெளிறிப் போய் இருந்தால்*

ஈரம். கறியைத் துணியால் ஒற்றி எடுக்காமல் கல்லில் போட்டால் அது வறுபடாது, வேகும். 250 கிராமுக்கு அரை டீஸ்பூன் தூள் உப்பைத் தடவி, மூடாமல் இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுச் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். கல்லில் இடம் விடாமல் நெருக்கிப் போட்டாலும் இதே கதைதான். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் தடவிச் செய்தால் அது சிக்கன் 65-ன் தம்பி. சுவையாக இருக்கும், டிரெஸ்ஸிங்கை மட்டும் அமுக்கிவிடும்.

*எல்லாம் சரியாகச் செய்தும் ரப்பர் மாதிரி, நறுக் நறுக்கென்று கடித்தால்*

இது உங்கள் தப்பே இல்லாமலும் இருக்கலாம். வேகமாக வளர்த்த பெரிய பிராய்லர் கோழிகளில் சிலவற்றின் நெஞ்சு மரக்கட்டை மாதிரி இறுகியிருக்கும். பச்சையாக இருக்கும்போதே அழுத்திப் பாருங்கள். விரல் அமுங்காமல் விறைப்பாக, மேலே வெள்ளைக் கோடுகளோடு இருந்தால் அந்தத் துண்டை எந்தச் சமையலும் மிருதுவாக்காது. கொத்திக் கைமாவாக்கிவிடுங்கள். அடுத்த முறை கறிக்கடைக்காரரிடம் சின்னக் கோழியாக, ஒரு கிலோ சுற்றளவில் பார்த்து நெஞ்சை எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருவார்கள். அல்லது எலும்பில்லாத தொடைக்கறிக்கு மாறிவிடுங்கள். அது இரண்டு நிமிடம் கூடினாலும் மன்னிக்கும்.

அறிகுறி: க்ரூட்டான் (வறுத்த பிரெட் துண்டு) நமுத்துப் போகிறது, அல்லது கல்லாகிறது

நமுத்தால்: சூடாக இருக்கும்போதே டப்பாவில் மூடினீர்கள். அப்பளத்துக்கு என்ன சட்டமோ அதேதான் இதற்கும். முழுக்க ஆறவிட்டு மூடுங்கள். நமுத்ததை மறுபடி வெறும் கல்லில் சிறுதீயில் ஐந்து நிமிடம் புரட்டினால் மீண்டுவிடும்.

வெளியே கருத்து உள்ளே மெத்தென்று இருந்தால்: பேக்கரி மில்க் பிரெட்டில் இனிப்பு இருக்கிறது, சட்டென்று கருகும். இனிப்பில்லாத பிரெட், முந்தின நாளையது, தீ குறைவாக. ஓவனில் என்றால் 160 டிகிரியில் பதினைந்து நிமிடம், நடுவில் ஒரு தடவை கிளறி. பூண்டைப் பிரெட்டோடு போட்டு வறுக்காதீர்கள், கருகிக் கசக்கும். பூண்டு காய்ச்சி எடுத்த எண்ணெயைப் பிசறினால் போதும்.

பல் உடைகிற மாதிரி ஆகிவிட்டால்: துண்டு சின்னது, நேரம் அதிகம். ஒரு பக்கத் துண்டுகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் கருகுகின்றனவா? தட்டைத் திருப்பி வைத்து இன்னொரு முறை சோதியுங்கள். கருகும் இடம் மாறாமல் ஓவனின் அதே மூலையிலேயே இருந்தால் கம்பியோ தெர்மோஸ்டாட்டோ போயிருக்கிறது. அது சர்வீஸ்காரர் வேலை.

அறிகுறி: சாப்பிட்ட பிறகு வயிறு சரியில்லை

வருமுன் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். டிரெஸ்ஸிங் என்பது மயோனைஸின் சொந்தக்காரர்தான். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்குப் பயந்துதான். முட்டையை ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுப்பது பழைய முறை. அதில் கிருமி சாகாது.

எளிய வழி, மஞ்சள்கருவை முழுசாக வேகவைத்து, கடுகு பேஸ்ட்டோடு கட்டியில்லாமல் நசுக்கி, அதில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடிப்பது. கொஞ்சம் கெட்டியாக வரும், ருசியில் குறையில்லை. இன்னொரு வழி: பச்சை மஞ்சள்கருவோடு ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் சேர்த்து, கொதிக்கும் தண்ணீர் மேல் வைத்த கிண்ணத்தில் கிளறிக்கொண்டே 71 டிகிரி வரை சூடாக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் கிண்ணத்தை வைப்பது. தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள், முட்டைப் பொரியலாகிவிடும். கர்ப்பிணி, குழந்தை, வயதானவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் யாராவது சாப்பிட உட்காரப் போகிறார்கள் என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான், அல்லது கடையில் வாங்கிய முட்டையில்லாத மயோனைஸ்.

பச்சைக் கறி வெட்டிய பலகையில் லெட்டூஸ் வெட்டினீர்களா என்றும் யோசியுங்கள். முட்டைமேல் பழி விழும் பல கேஸ்களில் குற்றவாளி பலகைதான்.

வந்துவிட்ட பிறகு: லேசான வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஓய்வெடுங்கள். சால்மோனெல்லா அன்றிரவேதான் காட்டும் என்றில்லை, ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள் வரை எப்போதும் வரலாம். கடும் காய்ச்சல், மலத்தில் ரத்தம், குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், மூன்று நாளாகியும் நிற்காத போக்கு, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். மேலே சொன்ன கர்ப்பிணி, குழந்தை, முதியவர் என்றால் அறிகுறி தெரிந்த அன்றே. மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போக்கை நிறுத்தப் பார்க்காதீர்கள். சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்கி, உடம்பு தடித்து, மூச்சு வாங்கினால் அது ஒவ்வாமை. முட்டை, மீன், பால், கோதுமை, கடுகு எல்லாமே இதில் இருக்கின்றன. யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மிச்சத்தைப் பற்றி: கலந்த சாலட்டை எடுத்து வைக்காதீர்கள். தனியாக இருக்கும் சிக்கன் மறுநாள் சாண்ட்விச்சுக்கு ஆகும். பச்சை முட்டை டிரெஸ்ஸிங் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள், அதற்கு மேல் இல்லை. மேஜையில் அப்படியே விட்டுவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டால், குளிர் காலத்தில் இரண்டு மணி நேரம், முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. தாண்டிவிட்டால் சிங்க்கில் கொட்டாதீர்கள், அந்த எண்ணெய் குழாயை அடைத்துவிடும். பழைய பேப்பரில் வழித்துக் குப்பையில் போடுங்கள்.